மூன்றாவது நாற்காலி

ஃபாரு மருத்துவமனையில் என் நாற்காலிக்குக்
கைப்பிடி கிடையாது.
டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே
கொஞ்சம் பின்தள்ளிப் போட்டிருப்பார்கள்.
மணிக்குப் பதினோரு யூரோவுக்கு
இரண்டு பேருக்கும் வாயாக இருக்கிறேன்.

பயிற்சியில் சொன்னது ஒன்றுதான்:
சொல்லைத் தூக்காதே, பொருளைத் தூக்கு.

தூக்கினேன்.
விலை எகிறினால் ஆங்கிலேயருக்கு
ஒரு கையும் ஒரு காலும் போகும்;
எங்களுக்கு முகத்திலுள்ள கண்கள்.
எலும்பு வார்டில் இந்தப் பண்டமாற்றைக்
கொஞ்சம் பார்த்துச் செய்யவேண்டும்.
நடக்காத காரியத்துக்கு
அவர்கள் பன்றிக்குச் சிறகு முளைக்கக் காத்திருப்பார்கள்,
நாங்கள் கோழிக்குப் பல் முளைக்க.
வந்த பேச்சை அடக்க
அவர்கள் தம் நாக்கைக் கடிப்பார்கள்.
நாங்கள் தேரையை விழுங்குவோம்.
மாமியார் வீட்டில் நான் விழுங்கியவை
ஒரு குளத்துக்குக் காணும்.

ஒருமுறை நர்ஸ்,
"ஸ்கேன்தானே, கோழி சூப்" என்றாள்.
"கேக் துண்டு" என்று மாற்றிக் கொடுத்தேன்.
அரைகுறை ஆங்கிலம் பேசும் டேனிஷ்காரர், சர்க்கரை வியாதி.
முகம் மலர்ந்து, "சாப்பிடலாமா?" என்றார்.

இன்று பேய்மழை.
நார்மன் ஹெப்பிள்வைட், எழுபத்தெட்டு வயது,
கிரிம்ஸ்பியில் பஸ் ஓட்டியவர்.
மூக்கில் குழாய்.
சக்கரம் வைத்த சிலிண்டரை
வளர்ப்பு நாய்போல் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.
"நாயும் பூனையுமாக் கொட்டுது" என்று ஜன்னலைக் காட்டினார்.
"குடம் குடமாக" என்று டாக்டரிடம் சொன்னேன்.
இருவரும் தலையாட்டினார்கள்.

பிறகு கேட்டார்:
ஜூனில் தங்கை மகனுக்குக் கல்யாணம்,
நாற்பத்தொன்பது வயதில் முதல் கல்யாணம்,
விமானத்தில் போய்வரலாமா?

டாக்டர் எர்மெலிந்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
இரவு ட்யூட்டி முடித்த கண்கள்.
சதவீதம், மில்லிகிராம் என்றே பேசுகிறவர்
இன்று என் பக்கம் திரும்பி, எங்கள் ஊர்ப்பேச்சில்,
"அந்தக் குட்டிக் குதிரையை
மழையிலிருந்து உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்"
என்றார்.

வாசலில் குதிரையை நனையவிட்டு வந்தவன்
உடனே கிளம்பிவிடலாமென்று நினைத்திருப்பான்.
அவனுக்குச் சொன்னதாம் இது.
இப்போதைக்குப் போகமுடியாது, ஆசையை விடு.

ஆங்கிலத்தில் இதற்கு ஜோடி உண்டு.
என் கறுப்பு நோட்டில் நாற்பத்திரண்டாம் பக்கம்.
நுனிநாக்குவரை வந்தது:
மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

சிலிண்டரின் முள் லேசாக நடுங்கியது.
அந்த அறையில் அந்தச் சொல்லை
எப்படி எடுப்பேன்?

பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச்
சொல்லையே தூக்கினேன்,
குளம்பும் பிடரியும் ஈரமுமாக.

அவர் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.
வெளியே கார் நிறுத்துமிடத்தை
நெடுநேரம் பார்த்தார்.

"என்ன நிறம்?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.
"செம்பழுப்பு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி."

"ரொம்ப நாளா நனையுதோ?"

"டிசம்பர் படத்திலேயே
நனைந்துகொண்டுதான் இருந்தது."

அதையும் கொடுத்தேன்.
சிலிண்டரின் தலையில் கைவைத்தார்,
தட்டிக்கொடுப்பதுபோல.
"சரி. கட்டிப்போடக் காய்ந்த இடம்
எங்கேயாவது இருக்கா, கேளு."

கேட்டேன்.
டாக்டர் எண்களுக்குத் திரும்பிவிட்டார்:
மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் கட்டில்,
நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்.

எண்களுக்கு நான் தேவையில்லை,
விரல் விட்டே காட்டலாம்.
இருந்தும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
கட்டில் ஜன்னலோரமா என்று
யாரும் கேட்காமல் நானே கேட்டேன்.