இடுப்பளவு ஏரி

காலை ஐந்தே காலுக்கு வெப்பமானி
முப்பத்தேழு புள்ளி ஒன்பது என்றது.
உதறினேன். மறுபடி வைத்தேன்.
முப்பத்தெட்டு.
அதற்குமேல் அதனிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

பல் துலக்கும் கோப்பைக்குள் அதைக் கவிழ்த்துவிட்டு
"தூக்கம் போதல, அவ்வளவுதான்" என்றேன்.
சோங்கோர் சைக்கிள் டயரை
அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
என் நெற்றியைத் தொடவில்லை.
நல்லவேளை.

ஏழு மாதம்.
தபால் நிலையத்தில் முத்திரை குத்திய கையோடு
இருட்டில் ஓடிய ஏழு மாதம்.
கட்டணம் திரும்பக் கிடைக்காது
என்பது விதி எண் பதினொன்று.
காய்ச்சலைப் பற்றி ஒரு விதியிலும் இல்லை.
இரண்டு முறை தேடினேன்.

தடித்த பேனாவால் என் புஜத்தில்
214 என்று எழுதிய பெண் சொன்னாள்,
"கை இப்படிச் சுடுதே."
"வெயில்" என்றேன்.
வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.

பாலத்தோனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்:
தென்கரையில் அதை ஏரி என்பது ஒரு மரியாதைதான்.
பால் கலந்த இளம்பச்சைத் தண்ணீர்.
இடுப்பளவு.
அரைக் கிலோமீட்டர் உள்ளே போனாலும் கால் நிலைக்கும்.
அங்கே நீந்துவது நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம்.
எந்த நொடியும் எழுந்து நிற்கலாம்.
எந்த நொடியும்.

நானூறு மீட்டரில் தொண்டை அடைத்தது.
ஆரஞ்சு மிதவை இரண்டாகத் தெரிந்தது,
இரண்டும் என்னைக் கூப்பிட்டன.
எழுந்து நின்றேன்.
விரலிடுக்கில் சேறு ஏறியது.
அந்தக் குளிர்ச்சிக்காக
இன்னொரு முறைகூடக் காய்ச்சலில் விழலாம்.

பக்கத்தில் நீலத் தொப்பி ஒருவர்
கைகளை வீசி வீசி நீந்திக்கொண்டிருந்தார்.
தண்ணீருக்கடியில்
அவருடைய கால்கள் நடந்துகொண்டிருந்தன.
கண்கள் சந்தித்தன.
"காட்டிக் கொடுத்துடாதீங்க."
"உங்களுக்கும் காய்ச்சலா?"
"இல்லீங்க. எனக்கு நீச்சல் வராது."

சிரித்ததில் ஒரு மடக்கு ஏரி உள்ளே போனது.

சைக்கிளைப் பற்றி அதிகம் நினைவில்லை.
திராட்சைத் தோட்டங்கள் வலப்பக்கம் வந்தன,
பிறகு அதே தோட்டங்கள் இடப்பக்கம்.
எங்கோ எண்ணெயில் லாங்கோஷ் பொரித்தார்கள்;
அந்த வாசனை இரண்டு கிலோமீட்டர்
என் பின்னால் உட்கார்ந்து வந்தது.
ஜூலை நண்பகல்.
பற்கள் தந்தியடித்தன.

ஓட்டத்தில் தர்பூசணி கொடுத்தார்கள், உப்புத் தூவி.
வாங்கி, தின்னாமல்,
கழுத்தில் வைத்துக்கொண்டேன்.

ஆறாவது கிலோமீட்டரில்
எனக்குப் பின்னால் பந்தயமே இல்லை.
பெண்டெகூஸ் மட்டும் இருந்தான்,
மணிக்கட்டில் மாவுக்கட்டு,
சைக்கிளில் ஒரு துடைப்பம் கட்டியிருந்தது.
கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அவன் வேலை.
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தான்.
"முடியும்" என்று சொல்லவில்லை.
"விட்டுடுங்க" என்றும் சொல்லவில்லை.
நான் திரும்பிப் பார்த்தபோது மட்டும்,
"நீங்க நின்னாதான் எனக்கு மதியச் சாப்பாடு,
ஆனா எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான்.

ஏரியில் நிற்க ஒரு நொடி போதுமாயிருந்தது.
தார்ச்சாலையில் நிற்க
ஒரு கிலோமீட்டருக்குமேல் பிடித்தது.
வேகம் குறைந்து, நடையாகி,
நடை தள்ளாட்டமாகி,
மஞ்சள் தபால் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு
நின்றேன்.
நான் தினமும் திறக்கும் அதே ரகம்.
அதன் இரும்பு என்னைவிடக் குளிர்ந்திருந்தது.

கணுக்காலிலிருந்து சில்லைக் கழற்றி நீட்டினேன்.
அவன் விதைகளைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு,
கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

நீலத் தொப்பி முடித்துவிட்டாராம்.
பட்டியலில் என் பெயருக்கு நேரே
முடிக்கவில்லை என்றிருந்தது.

இரவு பல் துலக்கப் போன சோங்கோர்
வெப்பமானியோடு திரும்பி வந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
214 எழுதிய கையைத் தூக்கி, அக்குளில் வைத்து,
கடிகாரம் பார்த்தான்.
அந்த மூன்று நிமிடம்தான்
அன்றைக்கு மிக நீளமான தூரம்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன்.
எண் இன்னும் போகவில்லை.
பொட்டலத்தை எடை போடக் கை நீட்டியபோது
வரிசையில் இருந்த ஒரு பெண் என் புஜத்தைப் பார்த்தாள்,
பிறகு தன் டோக்கனை.
"எனக்கு இருநூத்திப் பதினாறு.
இன்னும் ஒரு ஆள்தானா?"

"ஆமாங்க" என்றேன்.
"உட்காருங்க. கூப்பிடறேன்."