படிவம் பதினாறு

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் முப்பத்திரண்டு,
இந்தப்பக்கம் முப்பத்திமூன்று.
பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான்
எங்களுக்கு எல்லைக்கல்.
நடுவில் படுத்திருக்கும் நாயை
எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று
இன்னும் அறிவிக்கை வரவில்லை.

என் கடை முப்பத்திமூன்றில்.
'நஜ்முன்னிசா வரி சேவை' என்ற போர்டில்
'வரி' உரிந்துபோய் வருஷம் ரெண்டாகிறது.
காலையில் யாராவது எட்டிப்பார்த்து
சேவைக்குத் தேங்காய்ப்பால் உண்டா என்பார்கள்.

அன்றைக்கு இருபதாம் தேதி.
கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
டிவியில் டில்லி.
விகிதம் நாலா, ரெண்டா என்று விவாதம்.
ஓர் உறுப்பினர் 'எளிமை' என்று பதினோரு முறை சொன்னார்.
எண்ணுவது என் தொழில், எண்ணினேன்.

தேங்காய்க்கு வரி கிடையாது.
அதே தேங்காய் களத்தில் காய்ந்து
கொப்பரையானால் ஐந்து சதவீதம்.
வெயில் அதில் என்ன சேர்த்தது என்று
எந்த அவையிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வேலாத்தாள் ஒரு நோட்டீஸை நாலாக மடித்துக் கொண்டுவந்தாள்.
கொப்பரை ஆறுச்சாமியின் மனைவி.
"அவரு மாசியில போயிட்டாருங்க.
இப்ப ஐப்பசி.
இன்னும் எப்படிங்க அபராதம் ஏறுது?"

வியாபாரம் நடக்கவில்லையென்றாலும்
நடக்கவில்லை என்று மாதாமாதம் சொல்ல வேண்டும், என்றேன்.
சொல்லாத நாளுக்கு இருபது ரூபாய்.
ஐந்நூறில் நின்றுகொள்ளும்.
அடுத்த மாதம் தன் கணக்கைத் தனியாகத் தொடங்கும்.

"செத்தவரு வந்து எப்படிங்க
ஒண்ணுமில்லைன்னு சொல்லுவாரு?"

பூஜ்ய நேரத்தில் எழுப்பவேண்டிய கேள்வி.
என்னிடம் இருந்தது படிவம் பதினாறுதான்.
பதிவை ரத்து செய்ய. அதற்கு ஓடிபி வேண்டும்.
ஓடிபி ஆறுச்சாமியின் கைப்பேசிக்குப் போகும்.
ரீசார்ஜ் செய்யாத எண்ணைக் கம்பெனி எப்போதோ
வேறு யாருக்கோ விற்றிருந்தது.

அழைத்தேன்.
எடுத்தவன் பேர் பிரபாகர், சூளூர்ப்பேட்டை,
லாரி ஓட்டுகிறான். பாதி தமிழ், பாதி தெலுங்கு.
"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு
கவர்மென்ட்டே தினம் சொல்லுதே அக்கா."
உண்மை.
கேட்கிறதும் அதே கவர்மென்ட்தான், தம்பி,
என்றால் நம்புவானா?

முதல் எண் காலாவதியானது.

வேலாத்தாள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.
"இந்த நம்பர்லதானுங்க எங்கூட்டுக்காரர் இருந்தாரு" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அந்த முனையில் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.
வண்டி ஓரமாக நிற்க, பின்னால் யாரோ ஹாரன் அடித்துத் திட்டிப் போனார்கள்.
மூடு, ஏடு, ஏடு, சுன்னா...
விரல் மடக்கி மடக்கித் தட்டினேன்.

காரணங்களின் பட்டியல் இறங்கி வந்தது.
தொழில் மாற்றம், தொழில் நிறுத்தம்,
அதற்கும் கீழே, சுட்டெலி கொஞ்சம் நழுவினால் தவறிவிடும் இடத்தில்,
உரிமையாளர் மறைவு.

சிவப்பு நட்சத்திரம் போட்டு இன்னொரு கட்டம்:
கையிருப்புச் சரக்கு.

"அரை மூட்டை கொப்பரை கெடந்துச்சுங்க.
காரியத்துக்கு எண்ணெய் ஆட்டிட்டோம். விளக்குக்கு."

பூஜ்யம் போட்டுவிடலாம், பரவாயில்லை என்றேன்.

"எதுக்குங்க?
இருந்தத இருந்துச்சுன்னே போடுங்க.
அவரு பேர்ல கடைசியாப் போற காயிதம்."

டிவியில் ஆதரிப்போர் 'ஆம்' என்றார்கள்.
எதை என்று கவனிக்கவில்லை.
இருபத்தைந்து கிலோவுக்கு
ஐந்து சதவீதம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
சில்லறை சரியாக வைத்துவிட்டு
நாலரை பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

ஆறு மணிக்குச் சூளூர்ப்பேட்டைக்காரன் கூப்பிட்டான்.
"அக்கா, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு.
ஆறுச்சாமி, வரி கட்டினதுக்கு நன்றின்னு.
அழிச்சிடட்டுமா?"