கண்ணாடி வைச்ச அலுமாரி

முதிரை. இரண்டு கதவு. இடப்பக்கக் கதவில் ஆளுயரக் கண்ணாடி.
திறப்பு ஒன்றுதான், மற்றது தொலைந்துவிட்டது
என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.
கோண்டாவில். முப்பத்திரண்டாயிரம்.
மேல்மாடி அறைக்கு மாறுகிறேன், படி ஒடுக்கம், அதனால் விற்கிறேன் என்று
யாரும் கேளாத காரணத்தையும் சேர்த்து.

"இருக்கோ?"
இருக்கு என்றேன்.
அதோடு அந்த மனிசன் பூமியிலேயே இல்லை.

"இருக்கோ அக்கா?"
"அண்ணை, இது இருக்கோ?"
ஒரே நாளில் பதினேழு தரம் இருப்பை உறுதி செய்தேன்.
கடவுளையே இத்தனை பேர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசி விலை என்ன என்பதை
முதல் வார்த்தையாகக் கேட்டார் ஒருவர்.
எட்டாயிரத்துக்கு எண்டால் இப்பவே வாறன் என்றவர்
இருந்தது வெள்ளவத்தையில்.
ஒருத்தி பழைய டிவியும் ஐயாயிரமும் தருவாளாம்,
டிவியில் சத்தம் மட்டும் வருமாம்.

இரவு பத்தரைக்கு ஒன்று:
"கண்ணாடிக்குள்ள நிக்கிறவ விலைக்கோ?"

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
நான்தான். நைட்டி, ஈரத் தலையில் துவாய்,
முகத்துக்கு முன்னால் போன்,
பின்னால் கொடியில் காய்கிற உள்பாவாடை.
அறுநூற்று நாற்பது பேர் பார்த்ததாகக் கீழே கணக்கு.

அழித்தேன். கட்டில் விரிப்பால் கண்ணாடியை மூடி
மறுபடி எடுத்துப் போட்டேன்.
விடிய எழும்பினால்
"கண்ணாடி வெடிச்சதோ?"
"விரிப்பும் சேர்த்தோ?"

முழுசு என்றால் படம் கேட்கிறார்கள்.
படம் எடுத்தால் நான் வருகிறேன்.
குனிந்து எடுத்தேன், உச்சந்தலை.
பக்கவாட்டில் ஒதுங்கினேன், முழங்கை.
நிலத்தில் படுத்து எடுத்ததில்
வளையும் ஒரு பல்லியும்.
பல்லியைப் போட்டேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாறன் என்றார் அராலி யோகதாசன்.
மருந்துக்கடையில் அரைநாள் லீவு.
மூன்று மணி: "வெளிக்கிட்டிட்டன்."
நாலு: "ஓட்டுமடத்தில நிக்கிறன்."
நாலே முக்கால்: "உங்கடை வீடு எந்த ஊர்?"

பொழுதுபட லாண்ட்மாஸ்டரில் வந்து இறங்கினார்.
கதவை மூன்று தரம் திறந்து மூடினார். விரலால் தட்டிக்
காதை வைத்தார், நெஞ்சு பார்க்கிற டொக்டர் மாதிரி.
கறையான் என்றார். அது ஆணித் துளை என்றேன்.
திறப்பு ஒண்டுதானே என்றார். எழுதியிருந்தேனே என்றேன்.
"நான் வாசிக்கேல்லை. படம்தான் பாத்தனான்.
ஒரு பல்லிதான் தெரிஞ்சது."

பிறகு டீசல் விலை சொன்னார்.
மூத்தவளுக்கு அடுத்த கிழமை சாமத்தியவீடு,
அறையில் வைக்க ஒரு நல்ல அலுமாரி இல்லை என்றார்.
அந்த இடத்தில்தான் நான் இளகினேன்.
இருபத்தோராயிரம்.
எண்ணிப் பார்த்தால் ஐந்நூறு குறைவு,
நாளைக்குப் போட்டுவிடுறன் என்றார்.
ஏற்றுவதற்கு ஒரு பக்கம் நானும் பிடித்தேன்.
படங்கு கொண்டுவராததால் என் கட்டில் விரிப்பும் போனது.

செவ்வாய் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம்,
போன் எனக்கே எடுத்துக் காட்டுகிறது:
முதிரை அலுமாரி. அராலி. நாற்பத்தையாயிரம்.
கனடாவுக்குப் போன குடும்பம் பாவித்ததாம்.
இரண்டு திறப்பாம்.
துடைத்த கண்ணாடிக்குள் சாரத்தோடு யோகதாசன்,
ஒரு கையில் போன், மறு கையில் கயிறு,
கயிற்றின் அந்தத்தில் ஒரு கறுத்த ஆடு
நேரே என்னைப் பார்த்தபடி.

ஐந்நூறைப் பற்றி எழுதினேன். விரிப்பைப் பற்றி.
பிள்ளையின் சாமத்தியவீடு எப்படிப் போனது என்றும்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கேட்டேன்:
"கண்ணாடிக்குள்ள நிக்கிற ஆடு விலைக்கோ?"

ஒரு நிமிடம் ஆகவில்லை.
"ஓம் அக்கா. கிடாய். நாப்பதாயிரம்.
அந்த ஐந்நூறைக் கழிச்சுத் தாங்கோ."