ஏழு வட்டங்கள்

முப்பது வருடமாக ஒரே கேள்விக்குச் சம்பளம் வாங்குகிறேன்:
சில கணினிகள் பொய் சொன்னாலும்
மற்றவை எப்படி ஒரு முடிவுக்கு வரும்?
விடை பாடநூலிலேயே இருக்கிறது.
ஒரு பொய்யனைத் தாங்க மொத்தம் நான்கு பேர் வேண்டும்.
இருவரைத் தாங்க, ஏழு.
இதைச் சுற்றிச் சுற்றி நாற்பத்தொரு கட்டுரை எழுதியதில்
கதவில் பெயர்ப்பலகை வந்தது,
ஒரு ஜன்னல் வந்தது,
ஜன்னலில் பினாங்குப் பாலத்தின் ஒரு துண்டு.

பதவி உயர்வுக் குழுவிலும் ஏழு பேர்தான்.
குளிர்சாதனம் பதினெட்டில்.
கறிபாப், குவே லாப்பிஸ்,
யாரும் தொடாத பப்பாளித் துண்டுகள்.
திரையில் ஊய் ஹ்வீ மின், முதுநிலை விரிவுரையாளர்.
கட்டுரைகள் நான்கு. முதல் தரப் பட்டியலில் ஒன்று.
மேற்கோள்கள் பதினேழு;
அதில் ஐந்து அவளே அவளைக் காட்டியவை.
யாரோ சிரித்தார்.

திரைக்கு வராதது எனக்குத் தெரியும்.
கம்பைலர் பாடத்தில் தோற்ற பதினொரு பேரைச்
சனிக்கிழமை சனிக்கிழமை வரச்சொல்லி
ஆய்வகச் சாவிக்குத் தானே கையெழுத்துப் போடுவாள்.
பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை,
இரவு ஷிப்டில் சிப் தகடுகளின் கீறலைக் கண்டுபிடிக்கும் நிரல்
அவள் எழுதியது. விலை வைக்காமல் கொடுத்துவிட்டாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
'இதர' என்று ஒன்று உண்டு,
இடைவெளியும் சேர்த்து இருநூறு எழுத்து.

ஒருவர் கட்டுரைகளைத் திறக்காமலே
ஆழம் போதாது என்றார்.
இன்னொருவர், தன் மாணவனுக்கு அந்த இடத்தில் கண் இருப்பதைச் சொல்லாமல்,
இளையவள்தானே, காத்திருக்கட்டும் என்றார்.
டீன் சுற்றிப் பார்த்தார்: வேறு யாராவது?

எனக்கு அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.
அதை நினைத்தேனா என்று கேட்டால்
நினைத்தேன்.
தண்ணீர்ப் போத்தலின் லேபிளைப் படித்தேன்,
கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு.
இன்னும் ஞாபகமிருக்கிறது.
'ஒருமனதாக' என்று செயலாளர் தட்டச்சினார்.

கூட்ட ரகசியம் இந்தத் தீவில் அரைநாள் தாங்கும்.
மறுநாள் லிப்டில் அவள்,
விரலில் தொங்கும் கயிற்றில் தே ஓ ஐஸ் பொட்டலம்.
"தேங்க்ஸ் ப்ரொப்.
நீங்க எனக்கு எதிராப் பேசலையாமே."
பிறகு, எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே:
"அப்பீல் பண்ண முப்பது நாளாம்.
ஒரு பேராசிரியர் கையெழுத்து வேணுமாம்."
கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.
நான்கில் இறங்கினாள்.
ஆறு வரைக்கும் பொட்டலம் சொட்டிய நீரைப் பார்த்துக்கொண்டு
நான் போனேன்.

வியாழக்கிழமை, ஒன்பதாம் விரிவுரை.
பலகையில் ஏழு வட்டம் போட்டேன்.
இரண்டைச் சிவப்பாக்கினேன்: இவை பொய் சொல்லும், பரவாயில்லை,
தாங்கலாம்.
மூன்றாவதிலிருந்து போன கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
இது பொய் சொல்லாது.
பதிலே சொல்லாது.
கணக்கில் இதுவும் பழுதுதான்.
சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்க
சற்று நேரம் பிடித்தது.

கடைசி வரிசையில் புஷ்பநாதன்,
பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருபவன்,
கை தூக்கினான்.
"சார், அது செத்துப்போச்சா, இல்ல மெதுவா வருதா,
மத்ததுக்கு எப்படித் தெரியும்?"
தெரியாது, என்றேன்.
ஒரு நேரம் குறித்துக் காத்திருக்கும்.
தாண்டினால், இல்லை என்று வைத்துக்கொண்டு
மேலே போய்விடும்.
"எவ்வளவு நேரம் சார்?"

முப்பது நாள், என்றேன்.

எழுதிக்கொண்டான்.
கணினிக்கு அது மில்லிவினாடியில் என்று
திருத்தியிருக்க வேண்டும்.
மணி அடித்தது,
நாற்காலிகள் நகர்ந்தன,
மூடி போடாத மார்க்கரோடு
நான் அந்த வட்டத்தின் பக்கத்திலேயே நின்றேன்.