விரிசல் எண் அறுபத்து மூன்று

ஃபென்னா வரும்போது மழை.
லோப்பர்சத்துக்கு வடக்கே மழை, இல்லையென்றால்
மழையைக் கொண்டுவரும் காற்று.
காலணியை வாசலில் கழற்றிவிட்டுப்
பையைத் திறக்கிறாள்:
விரிசல் அளக்கும் கண்ணாடி வில்லை, டார்ச், பென்சில்,
போன முறை எழுதிய பதினொரு பக்கம்.

வூபோ தில்லெமா முன்னே நடக்கிறார்.
கிழக்குச் சுவருக்கு மூன்று மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.
மாட்டுத் தொழுவத்தின் வளைவு மேல்
நேற்று வைத்ததுபோல் ஒரு புதிய கோடு.
"நாற்பத்து எட்டு," என்கிறாள். "இரண்டு மில்லிமீட்டர்."
"மார்ச்சில் ஒன்றரை," என்கிறார் அவர்,
பிள்ளையின் உயரம் சொல்கிற குரலில்.

மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு பாலைவனம் இருக்கிறது.
இந்தச் சேற்றில் நின்று சொன்னால் யார் நம்புவார்?
செம்மணல் மேடுகள்,
மனிதக் கண் ஒன்றும் கூசாத வெயில்.
அதற்கும் அடியில் ஒரு காடு
அழுகி, அமுங்கி, கரியாகி
மூச்சு விட்டது.
மூச்சு மேலேறி மணலின் இடுக்குகளில் தங்கியது.
பாலைக்கு மேல் வந்த கடலோ
வற்றி உப்பாகி
மூடியாய் இறுகிவிட்டது.

பழைய இலக்கணம் நிலங்களைப்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தது.
இந்த ஊர் அவற்றை
ஒன்றன் தலைமேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது:
முல்லை, பாலை, நெய்தல்,
எல்லாவற்றுக்கும் மேலே
சர்க்கரை பீட்டும் வாய்க்காலும் வாத்துகளுமாய் மருதம்.
குறிஞ்சியைத்தான் காணோம்.
மேட்டைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்க்கிற நாடு இது.
பிறகு ஓர் அறிக்கையில் படித்தேன்:
தெற்கே நின்ற மலைகள் தேய்ந்து
ஆற்றோடு வந்த தூள்தான் அந்த மணல்.

அறுபது ஆண்டு அந்த மூச்சை உறிஞ்சினார்கள்.
அடுப்பு எரிந்தது.
கண்ணாடிக் கூடங்களில் பனிக்காலத் தக்காளி சிவந்தது.
பாலம், பள்ளி, பென்ஷன்.
கீழே, மூச்சுப் போன இடத்தில்
மணல் மணலோடு நெருங்கிப் படுத்தது,
ஒரு மயிரிழை, மறுபடி ஒரு மயிரிழை.
ஒரு நாள் இரவு
அலமாரியில் கோப்பைகள் தாமாகப் பேசின.

"அறுபத்து மூன்று," என்கிறாள் ஃபென்னா,
சமையலறை ஜன்னலுக்குக் கீழே குனிந்து.
நீளமானது, ஆழமானது. நல்ல தொகை வரும்.

வூபோ தாடையைச் சொறிகிறார்.
"அதை எழுதாதே."
"ஏன்?"
"அது வாயு இல்லை. ரைன்ட்.
என் தம்பி. எண்பத்தொன்பதில்
குடித்துவிட்டு டிராக்டரைப் பின்னால் எடுத்தான்.
இந்தப் பக்கம் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்."
"அப்பா என்ன செய்தார்?"
"ரேடியோவைச் சத்தமாக வைத்தார்."

உள்ளேயிருந்து ஆஃப்கே சிரிக்கிறாள்.
"ஒரு விரிசலாவது நம்முடையதாக இருக்கட்டும் என்கிறார்."
கெட்டிலுக்கடியில் நீலச் சுடர்.
இந்த வயல்களின் கிணறுகளில் சிமென்ட் ஊற்றியாகிவிட்டது.
இந்தச் சுடர் எந்த நாட்டுக் காட்டின் மூச்சோ,
குழாய் சொல்லாது.

படிவத்தில் ஒரு கட்டம்: காரணம்.
அதில் மூன்று சொற்கள்தான் உண்டு, தேர்ந்தெடுக்க.
ஃபென்னா மூன்றாவதை, 'வேறு' என்பதை, வட்டமிடுகிறாள்.
பிறகு, ஓரத்தில், சிறிய எழுத்தில்,
யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே,
'ரைன்ட்' என்று எழுதுகிறாள்.

காப்பி வருகிறது.
தட்டில் கரண்டி லேசாக அதிர்கிறது.
மூவரும் பேச்சை நிறுத்திக் கரண்டியைப் பார்க்கிறார்கள்.

சாலையில் பால் லாரி.

"பால் லாரி," என்கிறார் வூபோ.
சர்க்கரையை அவள் பக்கம் நகர்த்துகிறார்.