எடைப்பாலம்

லோரி உள்ளே வரும்போது ஓர் எடை.
பழத்தைக் கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை.
கழித்தால் வருவது செம்பனை.
சுங்கை பெலுக்கார் ஆலை வாசலில்
பதினேழு வருடமாக நான் செய்வது
இந்தக் கழித்தல்தான்.
அதற்கு முன்பும் இதே வேலை,
நீலத் தொப்பி போட்டுக்கொண்டு.

அந்த ஊரின் பெயர் என் வாயில் நுழையாது.
மெய்யெழுத்துகளாக அடுக்கி வைத்திருந்தார்கள்,
நடுவில் ஓர் உயிர் இல்லை.
அணியில் ஒரே தமிழன் நான்,
இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க?

போய் இறங்கிய அன்று நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
கிளம்பும்போது முந்நூற்று நாற்பது.
கழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அமைதியைக் காக்க அனுப்பினார்கள்.
காப்பதற்கு அது அங்கே இருந்திருக்க வேண்டும்.
ஆணை ஒன்பது பக்கம்:
பார். எழுது. மேலே தெரிவி.
உன்னைச் சுட்டால் நீ சுடலாம்.
எங்களை யாரும் சுடவில்லை, அவ்வளவு மரியாதை.
எங்கள் வெள்ளை வண்டிக்கு வழிவிட்டு
ஓரமாக நின்று கையசைத்துவிட்டு
அப்புறம் போனார்கள்,
காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் மாதிரி.

எங்களிடம் வரைபடம் இருந்தது.
அவர்களிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது.
பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்து
வாத்தியார் எழுதினாராம்,
தபால்காரர் சரிபார்த்தாராம்,
எந்த வீட்டுக்குப் பின்கதவு,
எந்த நாய் கடிக்காது என்பதுவரை.
நாங்கள் தூரநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.
ரொட்டிக்கடைக்காரர் பெயர் நாக்கில் படியும் நேரம்
ஆறு மாதம் முடிந்து விமானம் ஏறினோம்.
பதக்கம் குத்தினார்கள்.

போன வருடம், பசார் மாலாம் இரவு,
தவநேசன் மோட்டாரும் ஹைருல் மோட்டாரும்
உரசிக்கொண்டன. கண்ணாடி ஒன்று உடைந்தது.
ஒன்பது மணிக்கு ஒரு கைப்பேசி
கோயிலை உடைத்துவிட்டார்கள் என்றது.
இன்னொரு கைப்பேசி சுராவ் எரிகிறது என்றது.
இரண்டையும் தாண்டித்தான் வந்தேன்.
இரண்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவே.

சடக்கின் இந்தப் பக்கம் லயத்துப் பையன்கள்,
அந்தப் பக்கம் கம்பத்துப் பையன்கள்.
இரு பக்கமும் குலை வெட்டும் அரிவாள்,
ஒரே ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு எடுத்தவை.
பெட்ரோல் நிலையத்தருகே போலீஸ் வண்டி,
நீல விளக்குச் சுற்றிக்கொண்டிருக்க
உள்ளே ஒரு சின்னப் பையன் எதையோ எழுதினான்.
எனக்கு அவனைத் தெரியும்.
அவன் நான்தான்.

ஆ கியோங் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு,
"கோப்ரல், வெளிநாட்டுல செஞ்சியே,
இங்க செய்" என்றார்.

நான் செய்தது எதுவும் ஆணையில் இல்லை.
டார்ச்சை ஒவ்வொரு முகமாக அடித்தேன்.
துணி கட்டியிருந்தார்கள்.
எடைப்பாலத்துக் கண்ணுக்கு
நிற்கிற விதம் போதும்.
"பூபாளா, ஒன் லோரிக்கு ரோடு டேக்ஸ் செத்து ரெண்டு மாசம்."
"ஷாஃபிக், அப்பாவுக்கு இன்னிக்கு ஊசி போட்டாச்சா?"
"நீ கோமளவல்லி மகன்தானே, கம்ப எறக்கு."
பெயர் கேட்டதும் ஒருவன் சுருங்கினான்.
ஒருவன் என் அம்மாவைத் திட்டினான்.
ஒரு கல் காதை உரசிப் போனது.
எந்தப் பக்கத்துக் கல் என்று தெரியும்.
எழுதவில்லை.

அன்று யாரும் சாகவில்லை.
கோப்ரல்தான் காரணம் என்கிறார்கள் கோப்பிக்கடையில்.
பத்தரைக்கு மழை கொட்டியது,
அதையும் சொல்ல வேண்டும்.
அந்தக் கைப்பேசிகள்
இன்னமும் அதே பைகளில்தான் இருக்கின்றன.

மறுநாள் பூபாளன் என் முகத்தைப் பார்க்காமல்
லோரியை ஏற்றினான்.
ஈரப்பழம். எடை கூடுதலாகக் காட்டியது.

அந்த ஊரில் எங்களுக்காகப் பேச ஒருத்தி இருந்தாள்.
பட்டியலில் அவள் வீடும் இருந்தது.
முகாம் வாசலுக்கு வந்து
வண்டியில் இடம் உண்டா என்று கேட்டாள்,
எங்களுக்காக அவளே மொழிபெயர்த்து.
வண்டியில் இருந்தது. ஆணையில் இல்லை.
குறிப்பேட்டில் கடைசிவரை அவள்
'மொழிபெயர்ப்பாளர், இரண்டு.'

இப்போது இரவுப் பணியில்
லோரி வராத நேரம்
எடைச்சீட்டின் பின்புறம்
அவள் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
மெய்கள் எல்லாம் வந்துவிடுகின்றன.