செலுத்தும் காரணம்

அந்த மார்ச்சில் பிரெமர்ஹாவனில்
அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றார்கள்.
சமையலறை மேசையில் ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டு
மடிக்கணினியைத் திறந்தேன்.
நாளொன்றுக்கு நூற்றுப் பத்து விண்ணப்பங்கள்.
மேலிருந்து வந்த உத்தரவு ஒரே வரி:
கேள்வி கேட்காதே, கொடு.

இருபது வருடம் கேள்வி கேட்டே
சம்பளம் வாங்கியவன் நான்.
அந்த மூன்று வாரத்தில்
வரம் கொடுத்துக் கொடுத்துக்
கடவுளுக்குக் கை வலித்தால் எப்படியிருக்கும் என்று
கொஞ்சம் தெரிந்தது.

முடி வெட்டுகிறவர், பச்சை குத்துகிறவர்,
கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிக்கிறவர்,
துறைமுகத்தில் மீன்ரொட்டி விற்கும் அண்ணன் தம்பி.
பிறகு எண் 4417.
கெஷே லூர்ஸ், சலவையகம்.
உணவகங்களின் மேசை விரிப்புகளை
வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பவர்.
'பாதிப்பை விளக்குக' என்ற கட்டத்தில்
எழுதியிருந்தது இவ்வளவுதான்:
"யாரும் எதையும் சிந்துவதில்லை."

சிரித்தேன்.
பொத்தானை அழுத்தினேன்.
ஏழாயிரம் யூரோ போய்ச் சேர்ந்தது.

இரண்டு வருடம் கழித்து,
முகக்கவசங்கள் கோட்டுப் பைகளில் நைந்து கிடந்தபோது
மறுபடி மேலிருந்து உத்தரவு.
இம்முறை பதினொரு பக்கம்.
கொடுத்ததற்குக் கணக்குக் கேள்.
கடை வாடகை, சேரும்.
இயந்திரத்தின் தவணை, சேரும்.
கொதிகலனின் காப்பீடு, சேரும்.
கொதிகலனை மூட்டுகிறவரின் சாப்பாடு
தொழிற்செலவு ஆகாது.

கொதிகலன் பசித்தால் அரசாங்கத்துக்குக் கேட்கும்.
வயிற்றுப்பாட்டுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

"விதியை நாமா எழுதினோம்?" என்றான் டெட்லெஃப்.
இல்லைதான்.
ஆனால் கடிதத்தின் அடியில் இருந்தது என் கையெழுத்து.
ஒருமுறை போட்டு ஸ்கேன் செய்தது.
நாலாயிரம் கடிதத்திலும்
ஒரே எழுத்தில் மை விட்டுப்போயிருந்தது.

கெஷே லூர்ஸ் திருப்பித் தர வேண்டியது
மூவாயிரத்து நூற்று எண்பது.
தொலைபேசியில் கேட்டார்:
"அப்படியானால் ஏப்ரலிலும் மேயிலும்
நான் சாப்பிட்டிருக்கக் கூடாது, இல்லையா?"
நான்காம் பத்தியை வாசித்துக் காட்டினேன்.
முழுக்கக் கேட்டார்.
"நன்றாக வாசிக்கிறீர்கள்" என்று வைத்துவிட்டார்.

மாதம் அறுபது யூரோ, ஐம்பத்து மூன்று தவணை.

வங்கிச் சீட்டில்
'செலுத்தும் காரணம்' என்று ஒரு வரி உண்டு.
நூற்று நாற்பது எழுத்து எழுதலாம்.
கோப்பு எண்ணைப் போட்டால் போதும்;
எல்லோரும் அதை மட்டும்தான் போடுவார்கள்.
அவருடைய முதல் தவணை இப்படி வந்தது:
4417. உருளைக்கிழங்கு, ஏப்ரல் இரண்டு முதல் நான்கு வரை.

அடுத்தது:
4417. வெண்ணெய், பாதிப் பொட்டலம்.
அதற்கடுத்தது:
4417. ஆறு முட்டை. ஒன்று வாங்கும்போதே உடைந்திருந்தது.
ஏழாவது தவணையில்:
4417. என் பிறந்தநாள். கேக் வாங்கவில்லை, வரவு வைத்துக்கொள்ளவும்.

மென்பொருளுக்கு எண் மட்டும் போதும்.
மிச்சத்தைச் சாம்பல் நிறத்தில் ஓரமாகக் காட்டும்.
மறைத்துவைக்கவும் வழி இருக்கிறது,
டெட்லெஃப் காட்டிக்கொடுத்தான்.
நான் இன்னும் செய்யவில்லை.

போன டிசம்பரில் துறை விருந்து.
வெள்ளை விரிப்பு, நான்கு முனையும் கத்தி மடிப்பு.
யார் வெளுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.
சிவப்பு வைன் கிண்ணத்தை
முழங்கையால் தட்டிவிட்டேன்.
பரிமாறிய பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.
அது கைதவறல் என்று
டெட்லெஃபைத் தவிர எல்லோரும் நம்பினார்கள்.

இதனால் யாருக்கும் ஒரு சென்ட்டும் குறையவில்லை,
எனக்குத் தெரியும்.

இன்னும் முப்பத்தோரு தவணை பாக்கி.
நாளை ஒன்றாம் தேதி.
காலை ஒன்பது மணிக்குள்
ஏப்ரல் பதினெட்டாம் தேதி இரவு
அவர் என்ன சாப்பிட்டார் என்பது
அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும்.